மலர்க்கொடி அக்கா போட்ட பாத்ரூம் சட்டம்

எங்கள் வீட்டில் எந்தத் தப்புக்கும் மன்னிப்பு உண்டு. பாலைப் பொங்கவிட்டால் உண்டு. கல்யாண வீட்டில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தால்கூட உண்டு. குளிக்கிற இடத்தில் ஒண்ணுக்குப் போனால் மட்டும் கிடையாது.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் மலர்க்கொடி அக்கா. என் வீட்டுக்காரர் அன்புமணிக்கு அண்ணி, எனக்கு ஓரகத்தி. சிதம்பரத்தில் ரயில் கேட்டைத் தாண்டினால் எங்கள் வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையல்கட்டு, ஒரே பாத்ரூம். அக்காவின் பெண் இலக்கியா சென்னையில் வேலையில் இருக்கிறாள், எங்கள் பையன் ஹாஸ்டலில் படிக்கிறான். ஆகையால் வீட்டில் நாங்கள் நாலே பேர். கக்கூஸ் மட்டும் தனியாகத் தோட்டத்தின் கடைசியில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி வேறு. அவசரமாகப் போகிறவர் வழுக்கி விழாமல் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே சட்டம் என்னவென்று தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். அக்கா பாத்ரூம் வாசலில் நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார்.

“தம்பி, உள்ள குளிக்க மட்டுந்தான் செஞ்சியா?”

புதுப் பொண்டாட்டி முன்னால் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிக்கும்போது யார்தான் போகவில்லை? தண்ணீர் சத்தம் கேட்டாலே அடிவயிறு ஞாபகப்படுத்துகிறது. ஊரில் பாதிப் பேர் போகிறார்கள், மீதிப் பேர் வெளியில் சொல்வதில்லை. இதற்கு ஒரு மனுஷனை நிற்கவைத்து விசாரிக்க வேண்டுமா என்று அன்றைக்கே எனக்குள் ஒரு கோபம் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அக்காவுக்கு அந்த மூக்கைத்தான் கடவுள் கொடுத்திருந்தார். பாத்ரூமுக்குத் தளம் போட்ட கொத்தனார் வாட்டம் சரியாக விடவில்லை. ஓட்டை ஒரு பக்கம், தண்ணீர் தேங்குகிற மூலை இன்னொரு பக்கம். எவ்வளவு குளித்தாலும் அந்த மூலையில் இருப்பது அங்கேயேதான் கிடக்கும். அங்கே யாராவது போனால் வெயில் ஏறுவதற்குள் வாடை கிளம்பிவிடும். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பார். போதாததற்குக் கதவில் ஒரு தகர போர்டு. அவர் வேலை பார்க்கிற கழிப்பறைத் திட்டத்துக்காகக் கிராமத்துக்கு அடித்த விளம்பர போர்டில் மிஞ்சியதைத் திருப்பிப் போட்டு அவரே பெயிண்டில் எழுதினார்: ‘இது குளிக்கும் இடம். மற்றதற்குத் தோட்டத்துக்குச் செல்லவும்.’ வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அடக்க முடியாமல் போனவர்கள் தோட்டத்துக்குப் போவார்கள்.

அக்காவின் வேலையே அதுதான் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கீரப்பாளையம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டவைக்கிற திட்டத்தில் அவர் ஒருங்கிணைப்பாளர். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் வயல் வரப்பு, வாய்க்கால் கரை, தெருத் தெருவாகச் சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். கட்டிக் கொடுத்த கக்கூசில் ஒருத்தர் உரமூட்டை அடுக்கியிருப்பார், இன்னொருத்தர் விறகு. செல்லாயி என்று ஒரு அம்மா ஆட்டையே கட்டிவைத்திருந்தார். மழைக்கு ஒதுங்க அதுக்கும் இடம் வேணுமே என்று நியாயம் வேறு. “அரசாங்கம் உனக்குக் கட்டிக் குடுத்துச்சா, உன் ஆட்டுக்குக் கட்டிக் குடுத்துச்சா?” என்று அக்கா கத்தியது பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம். எங்களிடம் சொல்லும்போது அவரே ஆடு மாதிரி கத்திக் காட்டிச் சிரிப்பார்.

சிரிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்பது எனக்கு ஒருநாள் பிளவுஸுக்கு அளவெடுக்கும்போதுதான் தெரிந்தது. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அளவு டேப்போடு நிற்கிறவளிடம் பெண்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து வீடு. பின்னால் ஓலை மறைப்பு ஒன்று. குளிப்பதும் அங்கேதான், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒண்ணுக்குப் போவதும் அங்கேதான். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் மாமியார் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா காபி தம்ளரோடு நின்று அதைப் பார்த்துவிட்டார்.

“சம்மந்தம் போயிடுச்சின்னுதான் நெனச்சேன் வினோ. இவுருதான் வேணும்னு நின்னாரு. ஆனா அந்த முந்தானைய நான் மறக்கல” என்றார். அதற்குப் பிறகு அவர் மூக்கை இழுக்கும்போது முன்னளவு கோபம் எனக்கு வந்ததில்லை. வராமலும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது என் அம்மா வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பெட்பேன் வைத்து எடுத்துக் கொட்டியவர் மலர்க்கொடி அக்கா. ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. “எனக்கு வெக்கமா இருக்குக்கா” என்றேன். “அடக்கிவெச்சீன்னாதான் நான் வெக்கப்படுவேன், போ” என்றார். அந்த மூக்கு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர் அவர். பிடித்தவர்களுக்காக மூக்கைக் கழற்றி வைத்துவிடுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் கார்த்திகேசன் மாமா இந்தச் சட்டத்தின் நிரந்தரக் குற்றவாளி. பண்ருட்டியில் ஒரு மண்டியில் வேலை. பலா சீசனில் பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்வார், மற்ற மாதங்களில் முந்திரி. பேச்சு ரொம்பக் கம்மி. பாத்ரூமில் வாடை அடித்தால் அக்கா கூடத்தில் வந்து நின்று பொதுவாக ஒரு கேள்வி கேட்பார், “யாரு?” என்று. பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மாமா தலையைத் தூக்காமலே சொல்வார், “நான்தான்.”

“அறிவு இருக்கா ஒங்களுக்கு? எத்தினி வருஷமா சொல்றேன்?”

“ஞாபகம் இல்லாம போயிட்டேன் மலரு.”

திட்டு முடிந்ததும் எழுந்து போய் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் அந்த மூலையைத் தள்ளிவிட்டு வந்து மறுபடி பேப்பரை எடுத்துக்கொள்வார். நானும் என் வீட்டுக்காரரும் உள்ளறையில் உட்கார்ந்து சிரிப்போம். இந்த மனுஷனுக்கு இந்த வயதிலும் புத்தி வரவில்லையே என்று எனக்குத் தோன்றும். அவர் மேல் ஒரு இளக்காரம்கூட இருந்தது.

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சீசன் எவ்வளவு மும்முரமானாலும் பண்ருட்டியில் தங்கமாட்டார். மற்றவர்கள் மண்டியிலேயே படுத்துக்கொள்ள, இவர் மட்டும் பஸ் பிடித்துக் கடலூரில் இறங்கி மாறி வந்து சேர்ந்துவிடுவார். விடிவதற்கு முன்னால் எழுந்து பாத்ரூமைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார். பொண்டாட்டியை விட்டு இருக்கமாட்டார் என்று மண்டியில் கேலி பண்ணுவார்களாம். நாங்களும்தான் பண்ணினோம்.

இந்த வருஷம் அது முடியாமல் போயிற்று. மண்டி முதலாளிக்கு இதயத்தில் ஆபரேஷன். பழம் வந்து குவிகிற நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாமாவை அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, “வினோதினி, பாத்ரூம் மூலையில காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு வாளி தண்ணி ஊத்திவிடும்மா” என்றார். ஊருக்குப் போகிற மனுஷன் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது? நான் தலையை ஆட்டிவைத்தேன். எனக்கு ரம்ஜானுக்கும் கல்யாணத்துக்குமாகத் துணி குவிந்து கிடந்தது. தண்ணீராவது, ஊற்றுவதாவது.

மாமா போன சில நாளில் ஒரு மத்தியானம் கை கழுவ உள்ளே போனேன். மூலையில் கறுப்பாக ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தால் பிள்ளையார் எறும்பு. ஜன்னல் இடுக்கில் இருந்து வரிசையாக இறங்கி வந்து அந்த ஒரு இடத்தில் மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தது. சோப்புக்கு வந்ததா, ஷாம்புவுக்கு வந்ததா என்று பார்த்தேன். சோப்பு டப்பா பக்கம் ஒரு எறும்பும் இல்லை. எறும்பு சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். மறுநாள் ஈரத்தில் கோடு அழிந்துவிட்டது, எறும்பு திரும்பவும் அங்கேயே.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கடலூர் சிதம்பரம் பஸ் ஓட்டுகிறவர். பார்த்ததும் சாப்பாட்டுப் பசியே போய்விட்ட மாதிரி நின்றார்.

“வினோ, எங்க ஸ்டாண்டுல ஒரு டிரைவருக்கு இப்டித்தான் எறும்பு வந்துச்சு. போயி டெஸ்ட் பண்ணா சுகரு தாறுமாறா ஏறிக் கெடந்துச்சு.”

எங்கள் மாமியார் சர்க்கரை நோயில்தான் போனார். காலில் ஒரு சின்னக் கொப்புளம், பிறகு விரல், பிறகு பாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவை அது எடுத்துக்கொண்டு போனது. அவருக்குக் கட்டுப் போட்டுவிட்டவரும் அக்காதான். அப்படியானால் அடுத்தது அண்ணனா, தம்பியா?

சாயங்காலம் அக்கா வந்ததும் விசாரணை நடந்தது. அக்கா சுவர் ஓரமாக நின்றுகொண்டு என் வீட்டுக்காரரையே பார்த்தார்.

“அண்ணி, சத்தியமா நான் இல்ல. நீங்க அன்னிக்கி கேட்டதுக்கப்புறம் நான் தோட்டத்துக்குத்தான் போறேன்.”

“அப்ப எறும்பு என்னா, குளிக்க வந்துச்சா? நாளைக்கே போயி டெஸ்ட் பண்ணு. நீயும் பண்ணிக்க வினோ.”

இரண்டு பேரும் போனோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து நான் கார்த்திகேசன் மாமாவுக்குப் போன் போட்டேன். மண்டியில் லாரி சத்தம் காதைக் கிழித்தது. “மாமா, நம்ம பாத்ரூம் மூலையில எறும்பு மொய்க்குது. யாரோ உள்ள போயிருக்காங்க. அக்கா விசாரிச்சிக்கிட்டே இருக்காங்க” என்றேன்.

“நான்தாம்மா. அவகிட்ட நான்தான்னு சொல்லிடு” என்றார்.

“மாமா, நீங்க பண்ருட்டில இருக்கீங்க.”

“லோடு வந்திருக்கும்மா, அப்புறம் பேசறேன்” என்று அவசரமாக முடித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். எதிரே கொடியில் அக்காவின் பிளவுஸ் தொங்கியது. பொங்கலுக்குத் தைத்தது. போன மாதம்தான் தொளதொளவென்று இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் இப்போது தோளில் நிற்கவில்லை. டயட்ல இருக்கீங்களா என்று கேட்டுச் சிரித்த நாக்கை என்ன செய்வது? கருவேல முள் குத்திய கால் புண் வேறு. மாசி மாதத்தில் குத்தியது, இன்னும் துணி சுற்றிக்கொண்டுதான் ஸ்கூட்டி ஓட்டுகிறார். சாயங்காலம் வந்தால் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவார். கிராமத்துத் தூசி, குளித்துவிட்டு வந்துதான் பேசுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. நீதிபதியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மறுபடி மாமாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்மா. அவ போற ஊருல எங்கயும் எடம் இல்ல. வயக்காடு. ஊருக்கே கக்கூஸ் கட்டச் சொல்றவ, ஒரு வீட்டுல போயி ஒண்ணுக்கு வருதுன்னு கேக்க அவளுக்கு வாய் வராது. நாளெல்லாம் அடக்கிக்கிட்டு வர்றா. முருங்கை மரம் வரைக்கும் போவ முடியல. இப்பல்லாம் ராத்திரிகூட எழுந்து எழுந்து போறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதம்மா, செத்துடுவா.”

“சொல்லாம இருந்தாத்தான் மாமா செத்துடுவாங்க!” என்று கத்திவிட்டேன். என்னுடைய கோபத்துக்கு வயது வித்தியாசம் தெரியாது. “அத்தை கால நீங்க மறந்துட்டீங்களா? அக்கா கால்ல புண்ணு ஆறவே இல்ல. நீங்க தண்ணி ஊத்தி ஊத்தி வாடைய மட்டுமா மறைச்சீங்க?”

“காலையில வந்துடறேம்மா” என்றார். போன் கட்டாகிவிட்டது.

அவர் வரும்வரை நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அக்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தபோது பாத்ரூம் வாசலில் நின்றேன். உள்ளே கதவு சாத்தியதும் குழாய் திறக்கிற சத்தம், அதோடு சேர்ந்து வலியில் ஒரு முனகல். போகும்போது எரிகிறது போல. இத்தனை வருஷம் அந்த மூக்குக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த அத்தனை வார்த்தையும் நாக்கு நுனியில் நின்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். அந்த முனகலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது. கதவைத் திறந்து வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு இங்க நிக்கிற?”

“அக்கா, நாளைக்கு என்கூட டெஸ்டுக்கு வாங்க.”

“எனக்கென்னா? எறும்பு யாருக்கு வந்துச்சோ அவுங்க போவட்டும்.” சொல்லிவிட்டுக் காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை, யாருடனும் பேசவும் இல்லை.

கார்த்திகேசன் மாமா காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டை முழுக்கப் பலாப்பழ வாசனை, கையெல்லாம் பிசின். கையைக்கூடக் கழுவாமல் சமையல்கட்டில் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மலரு, கெளம்பு. டாக்டர்கிட்ட போவலாம்.”

“எதுக்கு?”

“எறும்புக்கு.”

“எறும்பு யாருக்கு வந்துச்சோ—”

“அதனாலதான் ஒன்ன கூப்பிடறேன்.”

குக்கர் விசில் அடித்தது. அதை நான் இறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். குரலே எழாமல் கேட்டார், “எப்பலேர்ந்து தெரியும்?”

“நான்தான்னு சொல்ல ஆரம்பிச்சதிலேர்ந்து.”

அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். “பாதி நாளு நான் நெஜமாவே நீங்கதான்னு நெனச்சேங்க. நான் ஊத்துன தண்ணியில எல்லாம் போயிருக்கும், இது வேற யாரோன்னு. மீதி நாளு தெரிஞ்சேதான் திட்னேன். வாய மூடிக்கிட்டா நான்னு ஆயிடுமேன்னு திட்னேன். நீங்க பேப்பர வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களே, பாவி மனுஷா.”

“திட்டு வாங்குனா எனக்கென்னா கொறஞ்சா போச்சு? நீ கெளம்பு” என்றார் மாமா.

பவானி டாக்டர் சிதம்பரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் பழக்கமானவர். ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்தார். சர்க்கரை மிக அதிகம். சிறுநீர்ப் பாதையில் கிருமி. கால் புண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அவர் முகத்தையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். “எலும்பு வரைக்கும் போகலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியாது” என்றார். மாமா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?”

“வேலை இருக்கிற நாள்ல குடிக்கமாட்டேன் டாக்டர்.”

“தாகம் எடுக்காதா?”

“ஜாஸ்தியா எடுக்குது. குடிச்சா போவணுமே.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை. “டாக்டர், பாத்ரூம்ல ஒண்ணுக்குப் போறது அவ்ளோ பெரிய தப்பா?” என்று கேட்டேவிட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

டாக்டர் சிரித்தார். “போனா தண்ணி ஊத்தி நல்லாக் கழுவிவிடுங்க, பெரிசா ஒண்ணும் ஆகாது. தேங்க விட்டா நாறும், அவ்வளவுதான். காலில் புண் இருக்கிறவங்க அந்த ஈரத்துல நிக்கக் கூடாது. குழாயைத் திறந்தாத்தான் வரும்னு பழக்கப்படுத்தினா, அப்புறம் குழாய்ச் சத்தம் கேக்கிற இடத்துல எல்லாம் அவசரமாயிடும், அதையும் மாத்திக்கணும். ஆனா எங்க போறீங்கங்கிறது எனக்குக் கவலையில்ல. நாள் பூரா போகாம இருக்கீங்க பாருங்க, அதுதான் தப்பு. கிருமி அதுலதான் வளருது. சர்க்கரையும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.”

“எறும்பு வந்ததாலதான் டாக்டர் கண்டுபிடிச்சோம்” என்றேன் கொஞ்சம் பெருமையாக.

“எறும்பை நம்பாதீங்க. எறும்பு வந்தா சர்க்கரைன்னும் இல்ல, வரலைன்னா இல்லைன்னும் இல்ல. வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணியிருந்தா எறும்புக்கு வேலையே இருந்திருக்காது.”

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். மாமா மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

“நான் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா போன வருஷமே எறும்பு வந்திருக்கும். இல்ல? ஒனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னுதான் மலரு ஊத்துனேன்.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பிசின் காய்ந்த கையில் விழுந்தது. முதல் நாள் போனில் நான் கத்தியதைத்தான் அவர் ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. இத்தனை வருஷமாக இளக்காரமாகப் பார்த்தேனே, இந்த மனுஷனைப் போல ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

அக்கா நடுத்தெருவில், பட்டப்பகலில், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் யாரும் செய்வதில்லை.

“ஊத்தாம விட்டிருந்தா போன வருஷமே ஒங்கள வீட்ட விட்டுத் தொரத்தியிருப்பேன். அழுவாதீங்க. ஆட்டோ வருது பாருங்க” என்றார்.

புண் ஆறுவதற்கு ஆடி பிறந்துவிட்டது. அக்கா தகர போர்டைத் தானே கழற்றிக் கோழிக் கூடைக்கு மூடியாகப் போட்டுவிட்டார். மாமா பண்ருட்டியில் இருந்து தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறார், முதலாளியும் தேறி மண்டிக்கு வந்துவிட்டார். அக்கா வேலைக்குப் போகும்போது பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று போகிறது. குடித்தால் போக வேண்டும் அல்லவா? முதலில் செல்லாயி வீட்டில்தான் கேட்டாராம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, “ஒன் ஆட்ட கொஞ்சம் வெளிய கட்டும்மா, நான் உள்ள போவணும்” என்றிருக்கிறார். செல்லாயி பதறிப்போய் ஆட்டை அவிழ்த்து, புழுக்கையைக் கூட்டி, கழுவிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் வைத்தாராம். மறுவாரமும் அக்கா போனார், மறுபடி ஆட்டை அவிழ்த்தார்கள். இந்த அம்மா எப்போது வருமோ என்று இப்போது ஆடு வெளியே கொட்டகையில்தான் நிற்கிறது. அத்தனை வருஷம் கத்தியதில் நடக்காதது இதில் நடந்துவிட்டது. இப்போது ஊருக்கு ஒரு வீடு அவருக்கு இருக்கிறது.

வீட்டில் மட்டும் விடியற்காலையில் முருங்கை மரம் வரைக்கும் போக வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். பாசியில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? ஆகவே அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த பாத்ரூமுக்கேதான் போகிறார். போய்விட்டு வந்து இப்போது யாரையும் கேட்பதில்லை. மாமாதான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாளியோடு உள்ளே போகிறார். ஆனால் உடனே தண்ணீரை ஊற்றுவதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, போனில் லைட்டைப் போட்டு, அந்த மூலையில் குந்தி உட்கார்ந்து, சுவர் இடுக்கு முதல் ஓட்டை வரைக்கும் பார்ப்பார். எறும்பை நம்பாதீங்க என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனையோ முறை ஞாபகப்படுத்திவிட்டேன். மாசா மாசம் டெஸ்டுக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போகிறார். இருந்தாலும் பார்ப்பார்.

“மலரு, எறும்பு இல்ல” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

“மெதுவா சொல்லுங்க, தெருவுக்கே கேக்குது” என்பார் அக்கா சமையல்கட்டிலிருந்து.

அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும்.